டிரான்ஸ்பிளான்ட் ஆனவங்களுக்கு வயித்தால போனா மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீங்க

எலும்பு மஜ்ஜை மாத்திட்டு வந்தவங்களுக்கு வயித்தால போச்சுன்னா "சூடு புடிச்சிருக்கும், ஓமத்தண்ணி குடு"ன்னு சொல்றதையும், மெடிக்கல்ல நின்னு நிறுத்துற மாத்திரை வாங்கி குடுக்குறதையும் தயவுசெஞ்சு விட்ருங்க. எங்க அக்கா மகனுக்கு வேலூர்ல பண்ணி மன்னார்குடிக்கு கூட்டிட்டு வந்தப்புறம் இதான் நடந்துச்சு, அதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

காரணம் முக்கியமா ரெண்டு விதமா இருக்கலாம். ஒண்ணு, மஜ்ஜை குடுத்த டோனரோட செல்லு நம்ம குடலையே தாக்குறது, ஜிவிஹெச்டிம்பாங்க, அதுக்கு ஸ்டீராய்டு குடுத்து எதிர்ப்பு சக்திய இன்னும் அமுக்கணும். இன்னொண்ணு வைரஸ், நோரோ, அடினோ, சிஎம்வி இப்படி, இதுக்கு முடிஞ்சவரைக்கும் அமுக்குறத குறைக்கணும். வைத்தியம் நேர் எதிர், ஆனா ரெண்டுலயும் தண்ணியாதான் போகும், சிலருக்கு ரெண்டும் சேர்ந்தே இருக்கும். பாத்தா யாருக்கும் தெரியாது, மலத்துல வைரஸ் இருக்கான்னு பாக்குற பிசிஆர் டெஸ்ட் எடுக்கணும், தேவைப்பட்டா குடல்ல சின்ன சதை எடுத்து பயாப்ஸி. சிஎம்வி ரத்தத்துல காட்டாமயே குடல்ல இருக்கறதும் உண்டு.

அக்கா ஒவ்வொரு தடவையும் அளவு கப்புல அளந்து நேரம் போட்டு ஸ்கூல் நோட்டுல எழுதி வச்சுது. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 500 மில்லி தாண்டுனாலே குடல் ஜிவிஹெச்டியான்னு டாக்டருங்க யோசிப்பாங்க, அதனால அந்த நோட்டு ரொம்ப முக்கியம்.

அவனுக்கு கடைசில நோரோன்னு வந்துச்சு. நமக்கு ரெண்டு மூணு நாள்ல போயிடும், இவங்களுக்கு மாசக்கணக்குல இழுக்கும், இதுக்குன்னு அங்கீகரிச்ச மருந்தே கிடையாது, சில டாக்டருங்க நிட்டசாக்ஸனைடு குடுத்து பாக்குறாங்க. சிஎம்விக்கு கேன்சைக்ளோவிர் இருக்கு, ஆனா வெள்ளணுவ இறக்கிடும். அடினோவுக்கு சிடோஃபோவிர் குடுத்தா கிட்னிய பாத்துக்கணும். வயித்தால போறப்ப, எதிர்ப்பு சக்திய அமுக்க குடுக்குற டாக்ரோலிமஸ் மாத்திரையோட அளவு ரத்தத்துல ஏறிடும், அதையும் டெஸ்ட் பண்ண சொல்லி கேளுங்க, நீங்களா மாத்திரைய கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

நலம் விசாரிக்க வர்ற சொந்தக்காரங்களுக்கும் சொல்லிக்கறேன், நோரோவுக்கு சானிடைசர் சரியா கேக்காது, சோப்பு போட்டு தண்ணில நல்லா கழுவணும். கைக்குழந்தைக்கு ரோட்டா சொட்டு மருந்து போட்டிருந்தா சில வாரத்துக்கு அதோட டயபர இவங்க தொடவே கூடாது.

எங்களுக்கு அந்த பிசிஆர் ஊர்ப்பக்கம் எங்கயும் கிடைக்கல, சாம்பிள் சென்னைக்கு போயி ரிசல்ட் வர்றதுக்குள்ள புள்ள எழுந்து உக்கார முடியாம வாடிட்டான். தஞ்சாவூர்லயோ திருவாரூர்லயோ கவர்மென்ட் ஆஸ்பத்திரில இந்த டெஸ்ட்ட உடனே எடுக்குற வசதி வேணும், டெல்டால இருக்க எல்லாரும் சேர்ந்து கேட்டாதான் வரும், நான் கலெக்டருக்கு மனு எழுதிட்டிருக்கேன், கையெழுத்து போட வர்றவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க.