தடவுவதும் அழுத்தம்தான்

பயந்த குதிரை அடங்கும்வரை தடவிக்கொண்டே இருங்கள் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது விலக நினைக்கும்போதும் கை மேலேயே இருந்தால் அதுவும் அழுத்தம்தான். ஒரு நொடி அசையாமல் நின்றதும் கையை எடுத்து, இரண்டடி பின்வாங்கிப் பாருங்கள். அழுத்தம் விலகும் அந்தக் கணத்தில்தான் குதிரை பாடம் கற்கிறது.

என் பெண்குதிரை தலைக்கயிற்றைக் கண்டாலே மூலைக்கு ஓடும். மூன்று வாரம் இப்படிக் கையை எடுத்துப் பின்வாங்குவதை மட்டுமே செய்தேன், கயிறு மாட்டவே இல்லை. அப்புறம் ஒருநாள் தானாக வந்து என் முழங்கையை முகர்ந்தது.

இன்னொன்று, நேர் எதிரே போய் நெற்றியைத் தொடாதீர்கள். சுற்றிலும் கிட்டத்தட்ட 350 டிகிரி பார்க்கிற பிராணிதான், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் இருப்பது அதற்குத் தெரியாது. தோள் பக்கமாகப் போங்கள்.