சாவு விழுந்த இடத்தில் கோமாளிக்கு என்ன வேலை?

எங்கள் கோவில் குழுவின் வாட்ஸ்அப்பில் வெள்ளகால ஏற்பாடுகள் பற்றிப் பேச்சு நடந்தது. மறுபடியும் மண்டபத்தில் மக்களைத் தங்கவைக்க நேர்ந்தால், கோமாளிக் கலைஞர்களையும் அழைக்கலாம் என்று ஒரு வரி எழுதினேன். குழுவின் மூத்தவர் ஒருவர் உடனே கேட்டார்: "சாவு விழுந்த இடத்தில் கோமாளிக்கு என்ன வேலை?" அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். வாட்ஸ்அப்பில் சொல்லித் தீராது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கேள்வி நியாயமானதுதான். 2022 ஏப்ரலில், தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் பகுதியில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 430 பேருக்கு மேல் இறந்தார்கள். சரிவில் கட்டிய வீடுகள் மண்ணோடு சேர்ந்து இறங்கின. டோங்காட் ஊரில் நீர் சுத்திகரிப்பு நிலையமே நாசமானதால் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் லாரிக்காக வாளியோடு நிற்பவர் முன்னால் ஒருவன் சிவப்பு மூக்கை மாட்டிக்கொண்டு வந்து நின்றால் எனக்கும் கோபம்தான் வரும்.

அப்படியும் வந்தார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் சோறு பரிமாறிய மண்டபத்துக்கு ஒரு குழு வந்தது. பிறந்தநாள் விருந்துக்கு அணியும் பளபளப்பு உடை, முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு, ஒலிபெருக்கி, பலூன்கள், படம் பிடிக்கத் தனியாக ஆட்கள். "எல்லோரும் சிரியுங்கள் பார்க்கலாம்!" என்று ஒரு சத்தம். பிள்ளைகள் ஆயாக்களின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். படங்கள் எடுத்து முடிந்ததும் குழு கிளம்பிவிட்டது. மூத்தவரின் மனத்தில் இருப்பது இந்தக் காட்சி என்றால் நானும் அவர் கட்சி.

சில நாட்கள் கழித்து வேறொரு பெண் வந்தார். ஜூலு பேசுகிறவர். தொளதொளத்த கோட்டு, சிவப்பு மூக்கு, வேறு ஒப்பனை கிடையாது. வாசலிலேயே நின்று, உள்ளே வரலாமா என்று கண்ணால் கேட்டார். ஒரு சிறுமி தலையாட்டிய பிறகுதான் படியேறினார். நேராகப் போர்வை வாங்கும் வரிசையில் போய் நின்றார். ஆனால் பின்பக்கம் பார்த்து நின்றார். அடுத்து நின்றவர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். மறுபடி திரும்பிக்கொண்டார். ஒருவழியாக மேசைக்கு வந்து, கையெழுத்துப் போடுங்கள் என்றதும், பேனாவை வாங்கித் தன் உள்ளங்கையில் கையெழுத்துப் போட்டார். வந்த நாளிலிருந்து யாரிடமும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆயா எழுந்தே விட்டார். "அங்கே இல்லையம்மா, இங்கே" என்று படிவத்தைத் தட்டிக் காட்டினார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரிந்திருக்காது. ஆனால் ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, ஆயா காட்டிய இடத்துக்குப் பக்கத்தில், மேசைமேல் எழுதினார்.

முகாமில் இருப்பவருக்கு விடிந்தால் கட்டளைதான். இங்கே நில்லுங்கள், இதை நிரப்புங்கள், அதற்குள் முடியாது, நாளைக்கு வாருங்கள். உதவ வந்த நாங்கள் எல்லோருமே அவரைவிட விவரம் தெரிந்தவர்கள். அன்பாகப் பேசினாலும் மேலே நின்றுதான் பேசுகிறோம். அறுபது எழுபது வருடம் குடும்பத்தை நடத்திய ஒருத்தியிடம் யோசனை கேட்க அந்த மண்டபத்தில் ஒருவர்கூட இல்லை. கோமாளி ஒருத்திதான் அவரைவிடக் கீழே வந்து நின்றாள். ஆயா பல நாளுக்குப் பிறகு இன்னொருவருக்கு உதவி செய்தார். சிரிப்பும் வந்தது, ஆனால் அது பிறகு. வராமல் போயிருந்தாலும் அவள் வேலை முடிந்திருக்கும்.

இந்தக் கலையைப் பாடமாகக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. பாரிஸில் நாடகப் பள்ளி நடத்திய ழாக் லெகாக், 1960களில் தன் மாணவர்களை ஒவ்வொருவராக எழுந்து வந்து மற்றவர்களைச் சிரிக்க வைக்கச் சொன்னார். என்னென்னவோ வித்தை காட்டினார்கள், யாரும் சிரிக்கவில்லை. தோற்றுப்போய், அசடு வழிய இருக்கைக்குத் திரும்பியபோதுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

இதற்காகப் பாரிஸ் வரை போக வேண்டியதும் இல்லை. கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர்களோடு தெருக்கூத்தும் இங்கே வந்தது. பேரப்பிள்ளைகள் அதை 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்கிறார்கள். அதில் கட்டியங்காரன் யார்? ராஜா வருகையை அறிவிப்பவனும் அவன்தான், அதே ராஜாவை எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்பவனும் அவன்தான். வட தமிழ்நாட்டில் கருமாதிக்குக் கர்ண மோட்சம் கூத்து வைக்கும் வழக்கம் உண்டு. அந்த இரவிலும் கட்டியங்காரன் ஆடுகிறான். துக்கத்துக்கு அவமரியாதை என்று யாரும் அவனை விரட்டியதில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் ஆடும் துன்னி சீட்டாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ராஜாவுக்கு 3 புள்ளி, ஜாக்கிக்கு 30. ராஜாவைவிடக் கீழே நிற்பவனுக்கு மதிப்பு அதிகம். அந்தக் கணக்குதான் இது.

அதிகாரத்தில் இருப்பவருக்குக் கோமாளி இடைஞ்சல் என்பதும் உண்மை. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. அறுவைச் சிகிச்சைக்குப் போகும் குழந்தைகளோடு பெற்றோரும் கோமாளிகளும் இருந்தபோது பயம் குறைந்தது. ஆனால் அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர், நடைமுறைக்குத் தடங்கல், தொடர வேண்டாம் என்றார்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் மண்டபத்திலும் மேசையில் உட்கார்ந்திருந்தவர் முகம் சுளித்தார். மேசையில் பேனாக் கறை போகவில்லை, பாவம்.

இதைப் பொறுப்போடு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 1993இல், பார்சிலோனா பள்ளிப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டதால், டோர்டெல் போல்ட்ரோனா என்ற ஸ்பானியக் கோமாளி குரோஷியாவின் அகதி முகாமுக்குப் போய் ஆடினார். 'எல்லைகளற்ற கோமாளிகள்' அமைப்பு அதிலிருந்து பிறந்தது. தென்னாப்பிரிக்கக் கிளை 2004இல் தொடங்கியது. எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த பிள்ளைகளிடம் போய் ஆடியவர்கள், பின்னர் அவர்களை வளர்ப்பவர்களுக்கான பயிற்சிகளிலும் இறங்கினார்கள். ஆடிவிட்டுப் போனால் போதாது என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

அக்டோபரில் மழை தொடங்கிவிடும். அதற்கு முன் நடக்கும் கூட்டத்தில் நான் கேட்கப்போவது பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீரும் பாயும் கழிப்பறையும் சரியான பிறகு அழைப்போம். பயிற்சி பெற்றவராக இருக்கட்டும், மறுவாரமும் வருகிறேன் என்பவராக இருக்கட்டும். முகத்தில் பூச்சு வேண்டாம். கைப்பேசி வாசலில் இருக்கும் கூடையில். வேண்டாம் என்று யாராவது சொன்னால் திரும்பிப் போய்விட வேண்டும். செலவு, அன்னதானக் கணக்கில் ஒரு மூலைக்குக்கூட வராது.

அண்ணா, எதிர்ப்பு இருந்தால் கூட்டத்துக்கு வந்து சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம். கட்டைவிரல் போட்டவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மண்டபத்தில் நாற்காலி நிறைய இருக்கிறது.