தொங்கு விளக்கை ஜிப்சம் போர்டு தாங்காது

"ஃபால்ஸ் சீலிங்கில் ரெண்டு ஸ்க்ரூ போதும், மீதி எடையை ஒயரே தாங்கிக்கொள்ளும்" என்று தொங்கு விளக்கு மாட்டுவது பற்றி ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ஃபால்ஸ் சீலிங்குக்குப் போடும் ஜிப்சம் போர்டு பெரும்பாலும் 12.5 மி.மீ. தடிமன்தான். காகிதத்துக்கு நடுவே இறுகிய மாவு, அவ்வளவே. ஸ்க்ரூவின் மரை பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. மாட்டிய அன்று நிற்கும். எடை நேர்கீழாக இழுத்துக்கொண்டே இருப்பதால் துளை மெல்ல உதிர்ந்து, ஒருநாள் ஸ்க்ரூ விளக்கோடு கழன்று வந்துவிடும். கனமான கண்ணாடி விளக்கென்றால் கேட்கவே வேண்டாம். மேலே இருக்கும் கான்கிரீட் தளத்தில் ஆங்கர் போல்ட் (துளைக்குள் இறுகிப் பிடிக்கும் போல்ட்) போட்டு அங்கிருந்து கம்பி இறக்குங்கள். சீலிங் இன்னும் போடவில்லையா? விளக்கு வரும் இடத்தைச் சீலிங் போடுபவரிடம் இப்போதே குறித்துச் சொல்லிவிடுங்கள், பாதி வேலை குறையும்.

லேசான விளக்குகள் ஒயரிலேயே தொங்குவது உண்மைதான். ஆனால் அங்கே எடையைத் தாங்குவது சீலிங்கில் ஒயர் இணைப்பை மறைக்கும் மூடிக்குள், ஒயரைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப். அதை இறுக்காமல் விட்டால் இழுப்பு முழுக்க ஒயர் முனைகளை இணைக்கும் டெர்மினலுக்குப் போகும். இணைப்பு தளர்ந்து சூடேறும், பொறி பறக்கும். மெயினை அணைத்துவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள்: கிளாம்புக்கும் டெர்மினலுக்கும் நடுவே ஒயர் கொஞ்சம் தொய்வாக இருக்க வேண்டும். உலோக விளக்கென்றால் எர்த் ஒயர் கட்டாயம்.

அப்புறம் உயரம். அதே நபர் விளக்குக்குச் சொன்ன 'தரையிலிருந்து 7 அடி' ஆட்கள் நடக்கும் இடத்துக்குச் சரி. சாப்பாட்டு மேஜைக்கு மேலே என்றால், மேஜைப் பரப்பிலிருந்து 75 முதல் 90 செ.மீ. வைத்துப் பாருங்கள்.