வேஷம் கலைக்கவும் நேரம் வேண்டும்

டெல்லியில் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் படிக்கிற ஒரு பள்ளியில் பதினாறு வருடமாகச் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் ஆசிரியர் பயிற்சி ஒன்றில், "பிள்ளைகளை நடிக்க விடுங்கள், பாடம் தானாக ஏறிவிடும்" என்று ஒருவர் சொன்னார். அறை முழுக்கக் கைதட்டல். எனக்குக் கை எழவில்லை. தானாக ஏறாது என்பது எனக்கு ஒரு பிள்ளையின் கண்ணீரால் தெரிந்தது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

பழைய ஏழாம் வகுப்புப் பாடநூலில் ஒரு சட்டையின் கதை உண்டு. கர்னூலில் ஒரு சிறு விவசாயி பருத்தி போடுகிறார். உள்ளூர் வியாபாரியிடம் கடன் வாங்கியதால் பருத்தியை அவருக்கே விற்றாக வேண்டும். அந்தப் பருத்தி நூலாகி, நம் ஈரோட்டுத் துணிச் சந்தைக்கும் நெசவாளர் வீட்டுத் தறிக்கும் போய், டெல்லிப் பக்கத்து ஏற்றுமதி ஆலையில் சட்டையாகி, அமெரிக்கக் கடையில் தொங்குகிறது. ஈரோட்டையும் டெல்லியையும் தொட்டுப் போகிற பாடம், எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? இதை வாசித்துக் காட்டுவதைவிட நடத்திப் பார்க்கலாம் என்று தோன்றியது.

பணத்துக்குப் பதில் ராஜ்மா. அமெரிக்கக் கடைக்காரர் கையில் நூறு. அங்கிருந்து ஒவ்வொரு கையாகக் கீழே இறங்க வேண்டும். நெசவாளர்கள் கலர் பேப்பர் கீற்றுகளைப் பாய் மாதிரி பின்ன வேண்டும், தையல்காரர்கள் அதைச் சட்டையாக வெட்டி ஒட்ட வேண்டும். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் பெஞ்சை இழுத்துப் போட்டு அப்படி மும்முரமாக இறங்கினார்கள். ஈரோட்டு வியாபாரியாக இருந்த பெண் பின்னலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "ஓட்டை இருக்கு, பாதி விலைதான்" என்றாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை! நெசவாளர் பிள்ளைகள் எதிர்த்துப் பேசவில்லை, இன்னும் வேகமாகப் பின்னத் தொடங்கினார்கள். கடைசியில் பருத்தி விவசாயிகளின் உள்ளங்கையில் நான்கு ராஜ்மா. எனக்குப் புல்லரித்தது. பத்துப் பக்கம் விளக்கியிருந்தாலும் இந்த நான்கு ராஜ்மா ஆகியிருக்காது என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஏற்றுமதி முதலாளியாக இருந்த பையன் ஒரு தையல்காரச் சிறுமியின் பேப்பர் சட்டையை அவள் மேசையிலேயே வீசி, "தையல் கோணல், காசு கிடையாது, போ" என்றான். வகுப்பே சிரித்தது. மணி அடித்தது. நானும் சந்தோஷமாக அடுத்த வகுப்புக்குப் போய்விட்டேன்.

அந்தப் பிள்ளை இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மா வந்தார். "மேடம், நான் ஓக்லாவுல ஒரு கம்பெனியில பீஸ் கணக்குக்குத் தைக்கிறேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்து, அம்மா உன்னையும் இப்படித்தான் திட்டுவாங்களான்னு கேட்டு அழுதா. நான் என்ன சொல்றது?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வேலைக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.

முதலாளி வேஷம் போட்ட பையனுக்கும் நான் நல்லது செய்யவில்லை. ஒரு மாதம் மைதானத்தில் அவனுக்கு "டேய் முதலாளி" என்றுதான் பெயர். நான் கொடுத்த வேஷத்தை அவன் நன்றாகச் செய்தான், அவ்வளவுதான்.

எனக்குச் சொந்த ஊர் செஞ்சிப் பக்கம். என் பெரிய மாமா கூத்தில் துச்சாதனன் வேஷம் கட்டுவார். துகிலுரியும் இடம் வரும்போது கற்பூரம் கொளுத்தி, பாஞ்சாலி வேஷக்காரரைக் கும்பிட்டுவிட்டுத்தான் சேலையில் கை வைப்பார். விடிந்ததும் அரிதாரத்தை எண்ணெய் தொட்டுத் துடைத்து முடிக்கிறவரை வீட்டுப் பேச்சு பேச மாட்டார். வேஷம் கட்ட எவ்வளவு நேரமோ கலைக்கவும் அவ்வளவு நேரம் வேண்டும் என்பார். இதைப் பார்த்து வளர்ந்த நான், வேஷத்தோடேயே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

நடிப்பும் பாவனையும் கற்பிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1929இல் எட்வின் லிங்க் தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் கருவியைச் செய்தார். 1963இல் ஹோவர்ட் பாரோஸ் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர், நோயாளியாக நடிக்க ஆட்களைத் தயார் செய்து மருத்துவ மாணவர்களை அவர்களிடம் அனுப்பினார். இன்று இந்த இரண்டு துறைகளிலும் இந்தப் பயிற்சி இல்லாமல் முடியாது. ஆனால் அங்கே பயிற்சி முடிந்ததும் யாரும் எழுந்து போவதில்லை. எங்கே கை நடுங்கியது, ஏன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்று உட்கார்ந்து பேசுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு வரும்போது மட்டும் நடிப்பை எடுத்துக்கொண்டு பேச்சை விட்டுவிட்டோம்.

டெல்லிக்கு இது புதுசும் இல்லை. 1962இல் மும்பையில் கூடிய கட்சிக் கொறடாக்கள் மாநாடு, கல்வி நிலையங்களில் மாதிரி நாடாளுமன்றம் நடத்தலாம் என்று பரிந்துரைத்தது. 1966-67இல் டெல்லிப் பள்ளிகளில் அந்தப் போட்டி தொடங்கியது. எவ்வளவு நல்ல எண்ணம்! நான் பார்த்த பல இடங்களில் கேள்வியையும் ஆசிரியரே எழுதி, அமைச்சரின் பதிலையும் ஆசிரியரே எழுதி, பிள்ளைகள் இரண்டு மாதம் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். அமைச்சராக இருக்கும் பிள்ளைக்குத் தெரியாத ஒரு கேள்வி எழும்பும் அந்த ஒரு நிமிடம்தானே நாடாளுமன்றம்? அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பேச்சுப் போட்டி. இதைச் சொல்லிப் பள்ளிகளில் எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு. பரவாயில்லை.

இந்த முறையின் பேராபத்தைப் பேசும்போது எல்லோரும் ஜேன் எலியட்டைச் சொல்வார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரலில், அமெரிக்காவின் அயோவாவில் தன் மூன்றாம் வகுப்பைக் கண்ணின் நிறத்தால் உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்று பிரித்தவர். பிறகு இரு பக்கத்தையும் மாற்றிப் போட்டார், பிள்ளைகளை எழுதவும் சொன்னார். அப்படிச் செய்தும், சின்னப் பிள்ளைகளிடம் இதைச் செய்யலாமா என்ற கேள்வி இன்னும் அடங்கவில்லை. நம்மூரில் சாதியை வைத்து யாராவது இதைச் செய்து பார்க்கலாம் என்று நினைத்தால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம்.

2025 ஜூன் 1 அன்று டெல்லி ஜங்புராவில் மதராசி முகாம் என்ற குடிசைப் பகுதி இடிக்கப்பட்டது. 300க்கும் மேற்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வீடுகள். தகுதி உண்டு என்று பட்டியலில் வந்தவர்களுக்கு நகரத்தின் அந்தக் கோடியில், நரேலாவில் வீடு. அந்த ஜூலையில் ஒரு சக ஆசிரியர், "குடிசை அகற்றத்தை வகுப்பில் வழக்காடு மன்றமாக நடத்தலாமே, பிள்ளைகளுக்கு நெருக்கமான விஷயம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த நெருக்கம்தான் எனக்குப் பயம். வீடு போன பிள்ளை வீடு போனவளாக நடிக்க எதற்குப் பள்ளிக்கூடம்? கற்பனையாக ஒரு ஊர், ஒரு ஏரி, ஏரிக்கரையில் குடியிருப்பு என்று மாற்றினோம். முகாமிலிருந்து வந்த ஒரு பையனுக்கு மாவட்ட ஆட்சியர் வேஷம். அவன் முதலில் கேட்டது, "எத்தனை நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும் மேம்?" அதற்குப் பிறகு அந்த வகுப்பை நான் நடத்தவில்லை, அவன்தான் நடத்தினான்.

சட்டைப் பாடத்தை அடுத்த வருடம் மறுபடி செய்தேன், இரண்டு பீரியட் ஒதுக்கி. பத்து நிமிடம்தான் வியாபாரம். மணிக்கட்டில் கட்டிய ரிப்பன்தான் வேஷம். கூத்தில் நடுவில் வந்து கேள்வி கேட்கும் கட்டியக்காரன் மாதிரி நான் புகுந்து, "ஓய் முதலாளி, இப்போ மனசுல என்ன ஓடுது?" என்று கேட்பேன். முடிந்ததும் ஒவ்வொருவரும் ரிப்பனை அவிழ்த்து மேசையில் வைத்து, தன் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டு வட்டமாக உட்கார வேண்டும். அதற்கே ஏழு நிமிடம் போகும். போகட்டும்.

அந்த வட்டத்தில் இரண்டாவது வருடத்து முதலாளி சொன்னான்: "நான் அவங்களுக்கு இன்னும் குடுத்திருப்பேன் மேம். எனக்கே மேல இருந்து ஐம்பதுதான் வந்துச்சு." உடனே தையல்காரியாக இருந்தவள், "ஐம்பதுல நாப்பத எடுத்துக்கிட்டியே" என்றாள். அவன் எண்ணிப் பார்த்தான். உண்மை. அப்புறம் அமெரிக்கக் கடைக்காரர் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள், அந்த வேஷத்தில் இருந்தவள் ராஜ்மாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு சிரித்தாள். விலையை யார் வைக்கிறார்கள் என்ற சண்டை மணி அடித்த பிறகும் வராந்தாவில் தொடர்ந்தது.

வருகிற திங்கள்கிழமை யமுனைத் தண்ணீர். அதைப் பங்கிட்டுக்கொள்ள 1994இல் போட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஐந்து மாநிலங்களுக்கு ஐந்து குழு, ஒரு வாளி, அளவு போட்ட தம்ளர்கள். டெல்லிக் குழுவுக்குள்ளேயே கடைக்கோடிக் காலனி ஒன்றும் உண்டு, டேங்கர் வந்தால்தான் அவர்களுக்குத் தண்ணீர். வாளி வாங்கியாகிவிட்டது. யாருக்கு எந்த வேஷம் என்பதுதான் பாக்கி. வருகைப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் பிள்ளையின் வீட்டில் தண்ணீர் எப்படி வருகிறது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேருக்குத்தான் தெரிகிறது. மீதிப் பேரிடம் நாளைக்குக் கேட்க வேண்டும்.