24 மணி நேரம் என்று ஒரு விதியே கிடையாது

"டூர் போன இடத்தில் பிள்ளை காணாமல் போனால், 24 மணி நேரம் கழித்துத்தான் போலீஸ் புகார் வாங்கும், அதுவரை நாமே தேட வேண்டியதுதான்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. அதை நம்பி யாரும் காத்திருக்காதீர்கள்.

பச்பன் பச்சாவோ ஆந்தோலன் என்ற குழந்தை உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் 2013 மே மாதமே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: குழந்தையைக் காணோம் என்று புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும், கடத்தலாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே விசாரணையைத் தொடங்க வேண்டும். "இது எங்கள் எல்லை இல்லை" என்றும் திருப்பி அனுப்ப முடியாது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் பதியும் எஃப்.ஐ.ஆர்.) போட்டு உரிய ஸ்டேஷனுக்கு மாற்றுவது அவர்கள் வேலை. வெளியூரில் நிற்பவர்களுக்கு இதுதான் பெரிய உதவி. அழைக்க 112 (அவசர உதவி) அல்லது 1098 (குழந்தைகள் உதவி எண்), ரயில் என்றால் 139.

புகாரில் முதல் கேள்வி, என்ன உடுப்பு? பதற்றத்தில் சட்டை நிறம்கூட ஞாபகம் வராது. காலையில் கிளம்பும்போதே பிள்ளையைச் செருப்பு வரை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

காணும் பொங்கலன்று மெரினாவில் போலீசாரே பிள்ளைகள் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள். மற்ற இடங்களில் நாமே மார்க்கரால் முன்கையில் எழுதிவிடலாம். பெயர் வேண்டாம், நம்பர் போதும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தெரிந்தவர் என்று பிள்ளை நம்பிவிடும். அப்புறம், பழனி, திருச்செந்தூர் மாதிரி போனை வெளியே ஒப்படைத்துவிட்டுப் போகும் கோயில் என்றால், உள்ளே வராமல் வெளியே இருப்பவரின் நம்பரை எழுதுங்கள்.