இங்கிலாந்து கிரிமினல் பாரிஸ்டர் பத்தி ஒரு திருத்தம்

"லண்டன் கிரிமினல் பாரிஸ்டர்லாம் கோடீஸ்வரங்க, தப்பு பண்ணவன்னு தெரிஞ்சே காசுக்காகக் காப்பாத்துறவங்க"ன்னு ஒரு பதிவுல போட்டிருக்காங்க, ரெண்டுமே தப்புங்க. பாரிஸ்டர்னா கோர்ட்டுல நின்னு வாதாடுற வக்கீல்.

கிரவுன் கோர்ட்டு (பெரிய கிரிமினல் கேஸை விசாரிக்கிற கோர்ட்டு) கேஸ் பெரும்பாலும் லீகல் எய்ட்ல, அதாவது வக்கீல் செலவை அரசாங்கம் குடுக்குற திட்டத்துல நடக்குது, ஃபீஸை முடிவு பண்றது அரசாங்கம். இந்த பாரிஸ்டர்கள்ல முக்கால்வாசிப் பேர் சம்பளக்காரங்களும் இல்ல, சொந்தமா தொழில் பண்றவங்க. முந்தின நாள் சாயங்காலம் ஃபைல் கைக்கு வரும், ராத்திரி உக்காந்து படிச்சுட்டு காலைல ட்ரெயின் புடிச்சு வேற ஊர் கோர்ட்டுக்குப் போயி, கீழ லாக்கப்புல இருக்குற கட்சிக்காரரை அப்பத்தான் முதல்முறையா பாப்பாங்க, அன்னிக்கு கேஸ் தள்ளிப்போச்சுன்னா கிடைக்கிற காசு ரொம்பக் கம்மி. 2022ல இவங்க ஸ்ட்ரைக் பண்ணாங்களே, கடைசில அக்டோபர்ல 15% ஃபீஸ் உயர்வுக்கு ஒத்துக்கிட்டுத்தான் வேலைக்குத் திரும்புனாங்க. கோடீஸ்வரன் எதுக்குங்க ரோட்டுக்கு வரப்போறான்?

அடுத்து, ஆளைப் பிடிக்கல, குற்றவாளின்னு தோணுதுங்குறதுக்காகல்லாம் கேஸை மறுக்க முடியாது. தன் துறை கேஸ், நேரமும் இருக்கு, நியாயமான ஃபீஸும் வருதுன்னா எடுத்தே ஆகணும், அதுதான் கேப் ரேங்க் ரூல். கட்சிக்காரரே "ஆமா நான்தான் செஞ்சேன்"னு சொல்லிட்டா, அப்புறம் கோர்ட்டுல அவர் செய்யலன்னு வாதாடவே கூடாது, அரசுத் தரப்பு சாட்சியம் நிக்குதான்னு மட்டும் குறுக்கு விசாரணை பண்ணலாம். இன்னிக்கு டிஃபென்ஸ்ல நிக்கிற அதே ஆளு அடுத்த வாரம் வேற கேஸ்ல அரசுத் தரப்புக்கு வாதாடுறதும் அங்க சகஜம்.