பதினொரு பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள்

வியட்நாம் போரைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு அமெரிக்க விமானப்படை அதிகாரி ஹாம்பில்டனின் கதை தெரிந்திருக்கும். 1972 ஏப்ரல் 2 அன்று, பேட் 21 என்ற அழைப்புப் பெயரில் பறந்த ஈபி-66 என்ற அமெரிக்க மின்னணுப் போர் விமானம் ஏவுகணை பட்டுச் சிதறியது, ஆறு பேரில் 53 வயது ஹாம்பில்டன் மட்டும் உயிரோடு பாராசூட்டில் இறங்கினார். இறங்கிய இடம் தென் வியட்நாமின் வட எல்லை மாகாணமான குவாங் திரி. வட வியட்நாம் படை தெற்கே திரண்டு வந்துகொண்டிருந்த பாதையிலேயே விழுந்துவிட்டார் மனுஷன். ரேடியோவை எதிரி ஒட்டுக்கேட்பான் என்பதால், அவர் விளையாடிப் பழகிய கோல்ஃப் மைதானங்களின் குழிகளைச் சொல்லியே (ஒவ்வொரு குழிக்கும் திசையும் தூரமும் அவருக்கு அத்துப்படி), எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று புரியவைத்தார்கள். அபாரமான கதைதான், மறுக்கவில்லை.

ஆனால் அவரை மீட்கப் போன ஜாலி கிரீன் 67 என்ற ஹெலிகாப்டரை ஒரே வரியில் தாண்டிப் போகிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

மீட்பு ஹெலிகாப்டரின் வேலையை யோசித்துப் பாருங்கள். சண்டை விமானம் குண்டைப் போட்டுவிட்டுப் பறந்துவிடும். இவர்கள் எச்எச்-53 மாதிரி ஒரு பெரிய ஹெலிகாப்டரை மரங்களுக்கு மேலே அசையாமல் நிறுத்தி, கம்பிவடத்தை இறக்கி, கீழே இருப்பவர் அதைப் பிடித்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். சுற்றியிருக்கும் துப்பாக்கி எல்லாம் அதையே குறிபார்க்கும். ஏப்ரல் 6 அன்று அந்த இடம்வரைகூட விடவில்லை, நெருங்கும்போதே சுட்டார்கள், எரிந்துகொண்டே விழுந்தது. பீட்டர் சாப்மன், ஜான் கால், ராய் பிரேட்டர், ஆலன் ஏவரி, வில்லியம் பியர்சன், ஜேம்ஸ் ஆலி, ஆறு பேரும் போய்விட்டார்கள். ஆலி புகைப்படக்காரர், கேமராவோடு போனவர்! கிடைத்த எச்சங்களை அமெரிக்காவின் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அடக்கம் செய்ய 1997 ஆகிவிட்டது.

அவர்களுக்கு முன்னால், விமானம் விழுந்த அன்றே, ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று போய் மூன்று பேர் செத்தார்கள். ஜாலி கிரீனுக்கு மறுநாள் ஓவி-10 என்ற சின்னக் கண்காணிப்பு விமானத்தில் இரண்டு பேர். மொத்தம் 11. அப்புறம் அமெரிக்கக் கடற்படையின் தாமஸ் நாரிஸும் தென் வியட்நாம் கடற்படையின் நுயென் வான் கியெட்டும் மீனவர் வேஷத்தில் சின்னப் படகில் போய் ஹாம்பில்டனைக் கொண்டுவந்தார்கள்.

"ஒருத்தருக்காகப் பதினொரு பேரா?" என்று உடனே கணக்குப் போடுவார்கள். சரி, போடுங்கள். ஆனால் 'விழுந்தால் தேடி வருவார்கள்' என்ற நம்பிக்கையில்தான் அடுத்த விமானியும் மேலே ஏறுகிறான், அந்த நம்பிக்கைக்கு விலை போடத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். மற்றவர் பிழைக்க நாம் போகிறோம் என்பதுதான் அந்த மீட்புப் படையின் வாசகமே. தெரிந்தேதான் போனார்கள்.

தெரியாமல் மாட்டியவர்கள் வேறு. ஹாம்பில்டன்மேல் பட்டுவிடக் கூடாதென்று அவரைச் சுற்றி 27 கிலோமீட்டர் ஆரத்துக்குப் பீரங்கித் தாக்குதல் கூடாது என்று தடை போட்டார்கள், அதுவும் முழுப் படையெடுப்பு நடக்கும்போது. எதிரே டாங்கிகள் வருகின்றன, தென் வியட்நாமின் 3ஆவது டிவிஷன்காரன் பீரங்கி ஆதரவு கேட்டால் கிடையாது. அவனிடம் யார் சம்மதம் கேட்டது? கணக்குக் கேட்பதென்றால் தடை போட்டவர்களிடம் கேளுங்கள், ஜாலி கிரீன் 67ல் போனவர்களிடம் வேண்டாம்.